கொஞ்சம் சொருகிக்கலாமா?

பயணத் தொடர்களில் ஒரு சௌகரியம். நாம் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, யாரோ நமக்காகக் குளிரில் நடுங்குவார்கள். 'லாங் வே அப்' அந்த ஜாதி. ஆப்பிள் டிவி ப்ளஸ்ஸில் 2020 செப்டம்பரில் வந்தது.

'ஸ்டார் வார்ஸ்' நடிகர் ஈவன் மெக்ரெகரும் சிநேகிதர் சார்லி பூர்மனும் 2019-ல் அர்ஜென்டினாவின் தென்கோடியான உஷுவாயாவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். சுமார் 21,000 கிலோமீட்டர். இதற்கு முந்தைய இரண்டு தொடர்களில் பெட்ரோல் வண்டி. இதில் ஹார்லி டேவிட்ஸனின் லைவ்வயர், முழுக்க மின்சாரம். துணைக்கு ரிவியன் கம்பெனியின் மின்சார பிக்கப்புகள். அப்போது விற்பனைக்கே வராத வண்டிகள்.

எனவே இதை மலை, ஏரி காட்டும் தொடர் என்று நினைக்காதீர்கள். கதையே 'அடுத்த சார்ஜ் எங்கே?' என்பதுதான்.

கணக்கைப் பாருங்கள். லைவ்வயரின் ரேஞ்ச் நகரத்துக்குள் 235 கி.மீ. ஹைவேயும் கலந்தால் 153 என்று கம்பெனியே சொன்னது. வேகமான டி.சி. சார்ஜர் கிடைத்தால் ஒரு மணி நேரத்தில் பாட்டரி நிறைந்துவிடும். வீட்டு ப்ளக் என்றால் மணிக்குச் சுமார் 21 கி.மீ. ஓடுவதற்கான மின்சாரம்தான் ஏறும். ராத்திரி பூரா காத்திருக்கணும். படகோனியாவிலோ எதிர்காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்கு. குளிரில் பாட்டரியும் மந்தமாகிவிடும்.

தொடரின் நல்ல காட்சிகள் இங்கேதான் கிடைக்கின்றன. ஒரு ஹாலிவுட் நடிகர் முன்பின் தெரியாதவர்களிடம் போய், 'கொஞ்சம் சொருகிக்கலாமா?' என்கிற தோரணையில் நிற்கிறார். பெட்ரோல்காரன் பங்க்கில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் பறந்துவிடுவான். சார்ஜ் ஏறக் காத்திருப்பவன் ஊர்க்காரர்களோடு பேசித்தான் ஆகவேண்டும். பயணம் என்பதே அதுதானே?

என் புகார் வேறு. வழி நெடுக ரிவியன் முன்கூட்டியே சார்ஜர்களைப் பொருத்தி வைத்திருந்தது. தொடர் இதை மறைக்கவில்லை. ஆனால் சொல்லிவிட்டுச் சட்டென்று மலைக்குத் தாவிவிடுகிறது. எத்தனை சதவிகிதத்தோடு வந்து சேர்ந்தார்கள், எத்தனை மணி நேரம் நின்றார்கள், அந்த சார்ஜர் வேலை செய்யாவிட்டால் என்ன உத்தேசம் என்பதெல்லாம் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. சமையல் நிகழ்ச்சியில் உப்பு எவ்வளவு என்று சொல்லாமல் 'ஆஹா!' மட்டும் சொல்வதுபோல.

சார்ஜ் தீர்ந்த பிக்கப்பை இன்னொரு வண்டியில் கட்டி இழுக்கிறார்கள். சக்கரம் சுற்ற, மோட்டார் டைனமோவாகி பாட்டரி நிறைகிறது. சாமர்த்தியம்தான். ஆனால் அந்த மின்சாரம் முன்னால் இழுத்த வண்டியின் டாங்க்கிலிருந்து வந்தது என்பதை அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

1888-ல் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு கார் ஓட்டிப் போனார். வழியில் வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில் லிக்ராயின் வாங்கி ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் ஒரு மருந்துக் கடை! அந்த அம்மாளுக்கு முன்னால் யாரும் போய் டின் வைத்துவிட்டு வரவில்லை.

உங்களுக்கும் எனக்கும் வைக்கமாட்டார்கள். அதனால்தான் இந்தக் குறை உறுத்துகிறது. மின்சார கார் வாங்கிக் குடும்பத்தோடு கிளம்ப நினைப்பவர் இந்தத் தொடரைப் பார்த்தால் ஒன்று அநியாயத்துக்குப் பயப்படுவார். அல்லது எங்கேயும் யாராவது காப்பாற்றுவார்கள் என்று நம்புவார். இரண்டுமே தப்பு. அவருக்குத் தேவை சில சாதாரண விதிகள். பூஜ்யத்தில் போய்ச் சேருகிற மாதிரி திட்டம் போடாதே. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எட்டுகிற தூரத்தில் மாற்று நிறுத்தம் வைத்துக்கொள். வேக சார்ஜரில் 80 சதவிகிதத்துக்கு மேல் ஆமை வேகம். கிளம்பிப் போய் அடுத்ததில் ஏற்று. ராத்திரி தூங்குகிற இடத்தில் ப்ளக் இருக்கட்டும்.

இவ்வளவையும் இந்த இருவர் பட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்கள். நமக்கு மலையைக் காட்டிவிட்டார்கள்.

இருந்தாலும் பாருங்கள். மலை வரும்போது வேண்டுமானால் காபி போட எழுந்து போகலாம். ப்ளக் தேடும்போது மட்டும் எழுந்துவிடாதீர்கள்.