குட்வில் யாருடையது?

க்ளீவ்லண்ட் என்றால் நம்மவர்களுக்குத் தியாகராஜ ஆராதனை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிற அந்த ஊரில் 1978-ல் ஆரம்பித்த உற்சவம் அது. இங்கிருந்து வித்வான்கள் வருஷா வருஷம் ப்ளேன் ஏறிப் போகிறார்கள். ஆனால், அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்து 'உங்கள் ஊர் எதற்கு சார் பிரசித்தம்?' என்று கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு பெருமூச்சு வரும். பிறகு, 'தோற்பதற்கு' என்பார்.

அவர் சொல்வது அவருடைய ஊர் டீம்களைப் பற்றி. ஃபுட்பாலில் ப்ரவுன்ஸ். பேஸ்பாலில் கார்டியன்ஸ். (ஃபுட்பால் என்றால் நம் ஃபுட்பால் இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, எதிரில் வருகிறவனை முட்டித் தள்ளியபடி ஓடுவது. காலால் பந்தைத் தொடுவது அபூர்வம். ஏன் அதற்கு ஃபுட்பால் என்று பெயர் என்றெல்லாம் கேட்கக் கூடாது.) ப்ரவுன்ஸ் கடைசியாக சாம்பியன் பட்டம் வாங்கியது 1964-ல். 'சூப்பர் பவுல்' என்கிற இறுதிப் போட்டிக்கு இதுவரை ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. பேஸ்பால் டீம் 'உலகத் தொடர்' ஜெயித்தது 1948-ல். அதற்கப்புறம் 1997, 2016 இரண்டு வருஷமும் ஏழாவது ஆட்டம் வரை போய், அந்த ஆட்டமும் எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் வரை போய், கை நழுவியது. இரண்டாவது தடவை 3-1 என்று முன்னிலையில் இருந்துவிட்டு!

தோற்கிற டீம்கள் எல்லா ஊரிலும் உண்டு. க்ளீவ்லண்டைப் பற்றி எழுதக் காரணம் அதுவல்ல. ஒரு விசித்திரமான பரிசோதனை அந்த ஊரில் நடந்திருக்கிறது. ஒரு டீம் ஊரைவிட்டுப் போனது. பெயர் மட்டும் ஊரிலேயே தங்கியது. இன்னொரு டீம் ஊரிலேயே இருந்தது; பெயர் போனது. அப்படியானால் ரசிகன் இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியது எதற்காக? டீமுக்கா, பெயருக்கா?

முதல் கதையைப் பார்ப்போம். ஆர்ட் மாடல் என்பவர் 1961-ல் ப்ரவுன்ஸ் டீமை வாங்கினார். ஏரிக்கரையில் இருந்த நகராட்சி ஸ்டேடியத்தைக் குத்தகைக்கு எடுத்து அவரே நடத்தினார். பேஸ்பால் டீம் அவருக்கு உள்வாடகைக்காரர். 1990-ல் அந்த கவுன்ட்டி மக்கள், சிகரெட்டுக்கும் மதுவுக்கும் தனி வரி போட்டுக்கொள்ள ஓட்டுப் போட்டார்கள். அந்தப் பணத்தின் உதவியில் பேஸ்பாலுக்குத் தனி மைதானம் எழும்பி, 1994-ல் வாடகைக்காரர் காலி செய்துகொண்டு போய்விட்டார். மாடலுக்கு வருமானம் அடிபட்டது. 1995 நவம்பர் 6-ம் தேதி, டீமை பால்டிமோருக்குக் கொண்டு போவதாக அறிவித்தார்.

மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? ப்ரவுன்ஸ் ஆடும் பழைய ஸ்டேடியத்தைப் புதுப்பிப்பதற்காக அதே வரியை நீட்டிக்கலாமா என்று க்ளீவ்லண்டில் ஓட்டெடுப்பு. ஏற்கெனவே குறித்த தேதி. ஜனங்கள் போய், பெருவாரியாக 'நீட்டிக்கலாம்' என்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். முந்தின நாள் விவாகரத்து நோட்டீஸ் கொடுத்த புருஷனுக்கு மறுநாள் சட்டை தைக்கக் கொடுத்த மாதிரி!

டிசம்பர் 17. அந்த ஊரில் பழைய ப்ரவுன்ஸின் கடைசி ஆட்டம். ஜெயித்தார்கள். ரசிகர்கள் நாற்காலிகளைப் பெயர்த்து எடுத்தார்கள். அவர்கள் காசில் போட்ட நாற்காலிகள்தானே.

இந்த இடத்தில் நான் பி.காம். படித்தவன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அக்கவுன்டன்சியில் 'குட்வில்' என்று ஒரு சமாசாரம் உண்டு. உங்கள் தெருமுனை மளிகைக் கடையில் இருக்கிற அரிசி, பருப்பு, தராசு, கட்டடம் எல்லாவற்றுக்கும் விலை போடலாம். முப்பது வருஷமாக ஜனங்கள் வேறு கடைக்குப் போகாமல் அங்கேயே வருகிறார்களே, அதற்கு? அதுதான் குட்வில். இதில் வேடிக்கையான விதி ஒன்று. கடைக்காரர் தானே சம்பாதித்த குட்வில்லைத் தன் கணக்குப் புத்தகத்தில் சொத்தாக எழுதக் கூடாது. அந்தக் கடையை யாராவது அதிக விலை கொடுத்து வாங்கினால், வாங்கினவர் எழுதலாம். அதாவது, விற்கிற நாள் வரைக்கும் அது கண்ணுக்குத் தெரியாது.

க்ளீவ்லண்டில் தெரிந்தது. நகர நிர்வாகம் கோர்ட்டுக்குப் போனது, ரசிகர்கள் நாடு முழுக்கக் கூச்சல் போட்டார்கள். 1996-ல் ஒப்பந்தம் ஆனது. ஆட்டக்காரர்களை மாடல் அழைத்துக்கொண்டு போகலாம். ஆனால், ப்ரவுன்ஸ் என்ற பெயர், நிறம், பழைய சாதனைக் கணக்கு எல்லாம் ஊருக்குச் சொந்தம். 1999-ல் லீக் ஒரு புது டீம் தரவேண்டும். ஒரு ஊர் தன் குட்வில்லைக் கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் எழுதி வாங்கிவிட்டது. 'பலே' போடத் தோன்றுகிறது இல்லையா?

அவசரப்படாதீர்கள். அந்தப் புது டீமை நடத்தும் உரிமை 1998-ல் 53 கோடி டாலருக்கு விலை போனது. ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாத டீம். மைதானத்துக்குப் பெரும்பகுதி ஜனங்களின் வரிப்பணம். அப்படியென்றால் 53 கோடி எதற்கு? லீக்கில் ஓர் இடத்துக்கு, அப்புறம் தயாராகக் காத்திருக்கும் ஒரு ஊரின் பைத்தியத்துக்கு. அந்தப் பைத்தியத்தை வளர்த்தது ரசிகர்கள். பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டது மற்ற டீம்களின் ஓனர்கள். வாங்கினவர் ஆல் லெர்னர். பழைய டீமில் சிறு பங்குதாரர். பால்டிமோர் ஒப்பந்தம் கையெழுத்தானதே அவருடைய சொந்த விமானத்தில்தான். ஊரைவிட்டுப் போன டீமோ, ரேவன்ஸ் என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டு 2001 ஜனவரியில் சூப்பர் பவுல் வாங்கிவிட்டது!

புது ப்ரவுன்ஸ் என்ன செய்தது? 1999-லிருந்து இதுவரை 40-க்கும் மேற்பட்டவர்களை க்வார்ட்டர்பேக்காக இறக்கிப் பார்த்திருக்கிறது. டீமின் மூளை மாதிரி இருக்கவேண்டிய ஆள் க்வார்ட்டர்பேக். 2016-ல் 16 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. 2017-ல் அந்த ஒன்றும் இல்லை. 2018 ஜனவரிக் குளிரில் ரசிகர்கள் ஸ்டேடியத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். மேலே இருந்து பார்த்தால் பூஜ்யம் மாதிரி தெரியவேண்டும் என்று வட்டமாக! கூடவே ஏழைகளுக்கான உணவு வங்கிக்கு நன்கொடையும் திரட்டினார்கள். அந்த டீமைப் பற்றி இதைவிடச் சிறந்த விமரிசனத்தை யாரும் எழுதிவிட முடியாது.

பேஸ்பால் பக்கம் வருவோம். 1915-லிருந்து அந்த டீமுக்கு 'இண்டியன்ஸ்' என்று பெயர். நம்மைச் சொல்லவில்லை, அமெரிக்கப் பழங்குடிகளை. சட்டையில் சிவந்த முகமும் பெரிய பல்லுமாக ஒரு கேலிச்சித்திரம் வேறு. பழங்குடிகள் பல வருஷம் எதிர்ப்புத் தெரிவித்ததற்குப் பிறகு, 2018 சீஸனோடு படம் சட்டையிலிருந்து போனது. 2022 சீஸனிலிருந்து பெயர் கார்டியன்ஸ். மைதானத்துக்குப் பக்கத்தில் 1932-ல் திறந்த ஒரு பாலம் இருக்கிறது. அதன் தூண்களில் கையில் வண்டிகளை ஏந்தி நிற்கிற பிரமாண்டமான கல் சிலைகள். போக்குவரத்தின் காவலர்கள் என்று அவற்றுக்குப் பெயர். அங்கிருந்து எடுத்தது.

பழைய ரசிகர்கள் சிலருக்குக் கோபம். 'எங்கள் அப்பா, தாத்தா காலத்துப் பெயர்' என்றார்கள். அவர்கள் வருத்தம் பொய்யில்லை. ஆனால், என் ஓட்டு மாற்றத்துக்குத்தான். பழைய பெயர் வேறு யாரோ ஒருவருடைய முகத்தை வைத்து நடத்திய குட்வில். புதுப் பெயர் ஊரின் சொந்தக் கல்லிலிருந்து வந்தது. இன்றைக்கு அந்த டீம் ஜெயித்தால் குதிக்கிறவர்களும் அதே ஆட்கள்தான்.

அந்த பேஸ்பால் டீமின் குறை வேறு. கஞ்சத்தனம். டோலன் குடும்பம் 2000-ல் மொத்த டீமையும் வாங்கியது சுமார் 32 கோடி டாலருக்கு. அங்கே வளர்ந்த நட்சத்திரம் ஃப்ரான்சிஸ்கோ லிண்டோரை 2021 ஜனவரியில் நியூயார்க் மெட்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். மெட்ஸ் அவருக்குக் கொடுத்த பத்து வருஷச் சம்பளம் 34.1 கோடி! இதற்கு முன்னால் இன்னொரு கூத்து. 2009 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் பந்து போட வந்தவர்கள், இந்தப் பக்கம் சி.சி. சபாத்தியா, அந்தப் பக்கம் க்ளிஃப் லீ. இரண்டு பேரும் க்ளீவ்லண்ட் வளர்த்து, விட்டுக்கொடுத்தவர்கள். ஊர்க்காரர் டி.வி. முன்னால் உட்கார்ந்து யாருக்குக் கை தட்டியிருப்பார்?

ஆனாலும் இதற்கு ஒரு நியாயம் உண்டு. ஃபுட்பாலில் டி.வி. ஒப்பந்தப் பணம் 32 டீமுக்கும் சமமாகப் பிரியும். சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு. முட்டாள்தனம் செய்தாலும் ஓனருக்கு நஷ்டமில்லை. பேஸ்பாலில் உச்சவரம்பு கிடையாது, உள்ளூர் வருமானம்தான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். 1950-ல் 9 லட்சம் பேர் வாழ்ந்த க்ளீவ்லண்டில் 2020 கணக்குப்படி 3.7 லட்சம் பேர். நியூயார்க்கோடு எப்படிப் போட்டி போடுவது? சின்னச் சம்பளத்தில் இளைஞர்களைப் பிடித்து, கற்றுக்கொடுத்து ஆடவைக்கிறார்கள். 2025-ல் டெட்ராய்ட்டைவிட பதினைந்தரை ஆட்டம் பின்தங்கியிருந்துவிட்டு, கடைசியில் டிவிஷனையே ஜெயித்தார்கள். அடுத்த கட்டத்திலேயே அதே டெட்ராய்ட்டிடம் தோற்றார்கள் என்பது வேறு விஷயம். க்ளீவ்லண்ட் ஆயிற்றே!

இரண்டு டீமையும் அருகருகே வைத்துப் பார்க்க 2022-ம் வருஷம் போதும். மார்ச்சில் ப்ரவுன்ஸ், டெஷான் வாட்ஸன் என்ற க்வார்ட்டர்பேக்கைக் கொண்டுவந்தது. பாலியல் அத்துமீறல் புகாரோடு இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர் மேல் சிவில் வழக்குப் போட்டிருந்த சமயம். அவர் மறுத்தார், கிரிமினல் வழக்குப் பதிவாகவில்லை. லீக் 11 ஆட்டம் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. டீம் கொடுத்தது 23 கோடி, அதுவும் முழுக்க முழுக்க உத்தரவாதத்தோடு. ஏப்ரலில் அதே ஊரில் பேஸ்பால் டீமின் ஹோஸே ராமிரெஸ், வெளியே போனால் நிறையக் கிடைக்கும் என்று தெரிந்தும், 5 வருஷ நீட்டிப்புக்கு 12.4 கோடி போதும் என்று கையெழுத்துப் போட்டார். இந்த ஊரிலேயே இருக்கவேண்டும் என்பதுதான் காரணம். ஒரு டீம் குட்வில்லைச் செலவழித்தது. இன்னொரு டீமின் ஆட்டக்காரர் தன் கைக்காசைப் போட்டுச் சேர்த்தார்.

ப்ரவுன்ஸ் செலவழிப்பது இன்னும் நிற்கவில்லை. இப்போதைய ஓனர் ஹாஸ்லம் குடும்பம், ஏரிக்கரையை விட்டு விமான நிலையத்தை ஒட்டிய ப்ரூக் பார்க் என்ற புறநகருக்கு டீமைக் கொண்டு போகிறது. கூரை போட்ட ஸ்டேடியம், 240 கோடி டாலர் திட்டம். 2025-ல் ஓஹையோ அரசு இதற்கு 60 கோடி ஒதுக்கியது. எங்கிருந்து? ஜனங்கள் மறந்துபோன வங்கிக் கணக்கு, திரும்ப வாங்காத டெபாசிட் என்று அரசிடம் கேட்பாரில்லாமல் கிடக்கிற பணத்திலிருந்து! மாடல் ஓடியதற்குப் பிறகு 1996-ல், வரிப்பணத்தில் ஆடும் டீம் ஊரைவிட்டுப் போவதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டார்கள். 'மாடல் சட்டம்' என்றே பெயர். அதையும் அதே பட்ஜெட்டில் திருத்தி, மாநிலத்தை விட்டுப் போனால்தான் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். வழக்காடிய நகர நிர்வாகம், 2025 அக்டோபரில் 10 கோடி டாலர் ஒப்பந்தத்தில் சமாதானம் ஆனது.

இந்தத் தடவை ப்ரவுன்ஸ் வேறு மாநிலத்துக்குப் போகவில்லை. பக்கத்து ஊர்தான். பெயரும் மாறவில்லை. அப்புறம் என்ன குறை என்கிறீர்களா? ஆட்டத்தன்று கூடுகிற அந்தக் கூட்டத்தை நம்பி நகரின் நடுவில் இருக்கிற ஓட்டல், பார், பார்க்கிங்காரர்கள் எல்லோருடைய வியாபாரமும் கூடவே நகர்கிறது. ஓட்டுப் போட்டு வரி கட்டியவர்களை இந்தத் தடவை யாரும் ஓட்டுக்கூடக் கேட்கவில்லை.

என் தீர்ப்பு இதுதான். பெயர் மாறலாம், ஆட்டக்காரர்கள் மாறத்தான் செய்வார்கள், ஓனர்கள் வாங்கி விற்பார்கள். மாறாமல் மிஞ்சுவது, டிக்கெட் வாங்கிக்கொண்டு பனியில் வந்து உட்கார்கிறவன் ஒருவன்தான். கார்டியன்ஸ் அவனைச் சிக்கனமாக, ஆனால் மரியாதையாக நடத்துகிறது: பாஸ் மார்க். ப்ரவுன்ஸ் அவனை வட்டியில்லாக் கடனாக நினைக்கிறது: ஃபெயில். அடுத்த செப்டம்பரில் அவன் மறுபடியும் ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவான், அது வேறு விஷயம்.

அந்த நம்பிக்கையில்தான் ஓனர்கள் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.