நிறம் சொல்வது ஒன்று, அடிப்பாகம் சொல்வது வேறு

இங்கிலாந்தின் பழைய ரயில் மாதிரிச் சந்தையில் அடிக்கடி கண்ணில் படுவது ‘ஹார்ன்பி டப்ளோ’ டேங்க் என்ஜின். லிவர்பூலின் பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் மெக்கானோ நிறுவனம் தயாரித்தது. ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஆனால் தூக்கினால் கனம் தெரியும். துத்தநாகக் கலவையில் வார்த்த உடல் அது. விற்பவர் விலைச் சீட்டில் ‘1950-கள்’ என்று எழுதி ஒட்டியிருப்பார். அதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. எந்தக் காலத்துச் சரக்கு என்று தெரிந்தால்தான் அது எந்தத் தண்டவாளத்தில் ஓடும், எங்கே பழுதாகும் என்று கணிக்க முடியும்.

முதலில் பக்கவாட்டு எண்ணைப் பார்க்க வேண்டும். டப்ளோ 1938-ல் வந்தபோது எல்.என்.இ.ஆர். ரயில்வேயின் நிறத்தில் இந்த என்ஜினுக்கு 2690 என்ற எண். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தவற்றில் 9596. காரணம் நிஜ ரயில்வேயில் இருக்கிறது: எல்.என்.இ.ஆர். 1946-ல் என்ஜின் எண்களை மாற்றியமைத்தபோது, இந்த மாதிரிக்கு மூலமான என்2 வகைக்கு 9490 முதல் 9596 வரை கிடைத்தது. ஆக, 9596 என்று எழுதிய மாதிரி போருக்கு முந்தையதாக இருக்கவே முடியாது. 1948-ல் ரயில்வேக்கள் தேசியமயமானதும் அந்த எண்களோடு 60,000 கூட்டினார்கள். இன்று அதிகம் கிடைக்கும் 69567 அப்படி வந்ததுதான். அந்தக் கறுப்பு என்ஜினை மெக்கானோ விற்பனைக்கு விட்டது 1953-ல்.

ஆனால் எண்ணும் நிறமும் ‘இதற்கு முன்னால் இல்லை’ என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு பின்னால் என்று சொல்லாது. டப்ளோ அச்சுகளை வாங்கிய ரென் நிறுவனம் இதே உடலைப் பழைய ரயில்வேக்களின் நிறங்களில் பல ஆண்டுகள் விற்றது. பச்சை நிறத்தையும் எல்.என்.இ.ஆர். எழுத்தையும் பார்த்துப் டப்ளோ காலத்துப் பொக்கிஷம் என்று மயங்குவது இங்கேதான் நடக்கிறது.

எனவே என்ஜினைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். அடியில், சக்கரங்களுக்கு நடுவே, ஸ்பிரிங்கோடு அமுங்கும் உலோகத் தகடு தெரிந்தால் அது மூன்று தண்டவாள மாடல். நடுத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பது. டப்ளோ இரண்டு தண்டவாளத்துக்கு மாறத் தொடங்கியது 1959-ல். சந்தேகம் இருந்தால் மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒரே அச்சின் இரு சக்கரங்களில் வைத்துப் பார்க்கலாம். பீப் ஒலித்தால் சக்கரங்களுக்கு இடையே மின்காப்பு இல்லை. இன்றைய இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்த நொடியே ஷார்ட் ஆகும்.

கப்ளிங்கும் பேசும். போருக்கு முந்தையது தட்டையான ஸ்பிரிங் இரும்புத் தகடு. போருக்குப் பிந்தையது தானாகக் கொக்கி போட்டுக்கொள்ளும் உலோகக் கப்ளிங். உடலைக் கழற்றினால் மோட்டார்: குதிரை லாடக் காந்தம் இருந்தால் போருக்கு முந்தையது அல்லது போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் வந்தது, சிறிய கட்டிக் காந்தம் என்றால் அதற்குப் பிந்தையது. பழைய காந்தம் வலுவிழந்திருந்தால் என்ஜின் அதிக மின்சாரம் இழுத்துச் சீக்கிரம் சூடேறும். 12 வோல்ட் டி.சி. கொடுத்துச் சிறிது நேரம் ஓட்டிவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

அட்டைப் பெட்டியைக் கடைசியில் பார்த்தால் போதும். வெளிர் நீலம், பிறகு கோடு போட்ட நீலம், இரண்டு தண்டவாளக் காலத்தில் சிவப்பு என்று வரிசை உண்டு. ஆனால் பெட்டிகள் கைமாறி, வேறு என்ஜினோடு வந்து சேர்வது சகஜம்.

ஓட்டி மகிழ வாங்குபவருக்கு 69567 தயங்காமல் சிபாரிசு செய்யக்கூடியது, அவரிடம் மூன்று தண்டவாளப் பாதை இருக்கும்பட்சத்தில். கார்பன் பிரஷ் மாற்றி, அழுக்கைத் துடைத்து, பல்சக்கரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பெரும்பாலும் உயிர்பெற்றுவிடும். 2690-ஐ வாங்கும்போது கவனம் தேவை. அக்கால வார்ப்புக் கலவையில் ஈயம் போன்றவை கலந்திருந்தால் உலோகம் மெல்ல மெல்ல உப்பி வெடிக்கும். அதைத் தடுத்து நிறுத்த வழியில்லை. பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும், உடலின் விளிம்பில் மயிரிழை விரிசலோ லேசான வளைவோ தெரிந்தால் கீழே வைத்துவிடுவதே நல்லது.