வயற்குழுவின் வாக்கு

நம்முடைய ஊர் வரலாற்று நூல்களில் பள்ளிவாசலுக்கு ஓடு போட்டது யார், பாடசாலைக்குக் காணி கொடுத்தது யார் என்பதெல்லாம் விபரமாக இருக்கும். வயலை யார் ஆண்டார்கள் என்பதற்கு ஒரு பந்திதான் கிடைக்கும். அதுவும் போடியார்மாரின் கொடைச் சிறப்பு!

இதனால் விடுபட்டுப்போன பெரிய விடயம் 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம். அமைச்சர் பிலிப் குணவர்தன கொண்டுவந்த அந்தச் சட்டம் குத்தகைக்குச் செய்பவரின் உரிமையைப் பாதுகாத்தது, குத்தகைக்கு உச்ச அளவு வைத்தது என்றுதான் பொதுவாக எழுதுகிறோம். அதைவிடப் புதுமையானது, வெல்விதானை முறையை எடுத்துவிட்டுப் பயிர்ச்செய்கைக் குழுவைக் கொண்டுவந்தது. வாய்க்கால் வெட்டு, தண்ணீர்ப் பங்கீடு, ஏக்கர் வரி எல்லாம் தெரிவுசெய்யப்பட்ட ஒரு குழுவின் கையில். "போடியாரும் நானும் ஒரே வாங்கில இரிந்தம் மகன்" என்று எங்கட மூத்தாப்பா சொல்லுவார். குத்தகை குறைந்ததைப் பற்றி அவர் அவ்வளவாகப் பேசியதில்லை. அந்த வாங்குக் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சட்டம் ஓட்டை இல்லாததல்ல. நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான குத்தகைக் கமக்காரர்கள் வயலை விட்டு எழுப்பப்பட்டார்கள். பிலிப்பும் 1959இல் அமைச்சரவையை விட்டு வெளியேறினார். பல குழுக்களில் காணிக்காரரின் சொல்லுக்கே மற்றவர்கள் தலையாட்டினார்கள். இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் குழுவின் தேர்தலை எடுத்தது போடியார்மார் அல்ல. சோசலிசம் பேசிய அரசாங்கம்தான் எடுத்தது. 1972இல் காணிச் சீர்திருத்தம் வந்தது. வயலுக்கு 25 ஏக்கர், மற்றக் காணிக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. இதே காலத்தில்தான், 1973ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பயிர்ச்செய்கைக் குழுவுக்கு அமைச்சர் ஆள் நியமிக்கத் தொடங்கினார். கட்சிக்காரர் குழுவுக்குள் வந்தார், கமக்காரர் வெளியே நின்றார். சொத்து பொதுவுக்குப் போகப்போக, அதைப்பற்றிப் பேசும் உரிமை பொதுசனத்திடமிருந்து கழன்றுகொண்டே போனது. 1979இன் கமநல சேவைகள் சட்டம் குழுக்களை மூடியபோது ஊரில் யாரும் பெரிதாக அழவில்லை. அழுவதற்கு என்ன இருந்தது? குழு அதற்கு முன்பே ஊராருடையதாக இல்லை.

"அரசாங்கத்திட கைல குடுத்தா எல்லாம் நாசம்" என்று இன்று சொல்பவர்களுக்கும், "தனியாரிடமிருந்து பறித்தால் போதும்" என்பவர்களுக்கும் இந்தக் கதை தெரியாது. தெரியாமல் இருப்பதற்கு நம் ஆய்வாளர்களும் பொறுப்பு. போடியார் நல்லவரா கெட்டவரா என்ற வழக்கிலேயே ஐம்பது வருடம் போய்விட்டது.

அந்தக் குழுக்களின் கூட்டக் குறிப்புக் கொப்பி யார் வீட்டிலாவது கிடந்தால், கறையான் தின்னுமுன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். தேர்தலில் யார் நின்றார், ஏக்கர் வரியைக் கட்ட மறுத்தது யார், கடைமடைக்குத் தண்ணீர் எந்தத் திகதியில் விட்டார்கள் என்பதை அதில்தான் பார்க்கலாம்.