லாங் மெல்ஃபோர்டு ஆலயச் சுவர்களும் டஃபியின் நூலும்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள லாங் மெல்ஃபோர்டு பரிசுத்த திரித்துவ ஆலயம், பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பளித் துணி வணிகத்தில் ஈட்டிய செல்வத்தால் ஏறக்குறைய முழுவதும் புதிதாகக் கட்டப்பட்டது. அதன் கட்டட வரலாற்றைச் சுவர்களே கூறுகின்றன. இன்னாருடைய பொருளால் இப்பகுதி கட்டப்பட்டது, அவருடைய ஆத்துமாவுக்காக ஜெபியுங்கள் என்று புறச்சுவரின் மேல்விளிம்பில் சிக்கிமுக்கிக் கற்களுக்கிடையே பொறித்திருக்கிறார்கள். கிழக்குக் கோடியிலுள்ள மரியாள் சிற்றாலயத்தில் ஜான் கிளாப்டனின் பெயரும் 1496 என்னும் ஆண்டும் காணப்படும்.

கட்டடக்கலை ஆய்வாளருக்கு இவை காலத்தை நிர்ணயிக்கும் சான்றுகள், அவ்வளவே. அந்த ஜெபத்தையே பொருட்படுத்தி வாசித்தது எய்மன் டஃபி 1992இல் வெளியிட்ட 'தி ஸ்டிரிப்பிங் ஆஃப் தி ஆல்டர்ஸ்' என்னும் நூலின் சிறப்பு. சீர்திருத்தத்துக்கு முந்திய சேகர வாழ்வு உயிர்த்துடிப்புடன் இருந்ததென அவர் வாதிடுகிறார். அதற்கு அவர் காட்டும் சாட்சிகளுள் ஒருவர் ரோஜர் மார்ட்டின். தம் முன்னோர் அடக்கம் பண்ணப்பட்ட இவ்வாலயம் தமது பால்ய வயதில் எவ்வாறிருந்தது என்பதை, சொரூபங்களும் பீடங்களும் அகற்றப்பட்ட பின்னர், எலிசபெத் அரசியின் காலத்தில் இவர் எழுதிவைத்தார். சிலுவைப்பாடுகளின் சிற்பமொன்றைத் தம் வீட்டில் காத்து, தம் சந்ததியார் அதனைச் செப்பனிட்டு மீண்டும் ஆலயத்தில் வைப்பார்கள் என நம்பினார். சீர்திருத்தச் சபையாராகிய நாமும் இதனை மனங்கசியாமல் வாசித்தல் அரிது.

எனினும் மார்ட்டின் கட்டியோரின் வழிவந்தவர், செல்வர். அவருடைய நினைவை ஊரார் அனைவரின் நினைவாகக் கொள்ளலாமா? சுவரில் பொருள் ஈந்தோரின் பெயர்கள் உண்டு. அப்பொருளுக்கு மூலமான கம்பளியை நூற்ற பெண்களின் பெயர்கள் இல்லை. கிருபை இலவசமானது என்று சீர்திருத்தவாதிகள் வற்புறுத்தியது இவ்விடத்தில் வெறும் கல்விக்கூடத் தர்க்கமன்று. மரித்தோருக்கான பூசைகளுக்கென விடப்பட்ட மானியங்களை 1547ஆம் ஆண்டுச் சட்டம் அரசுடைமையாக்கியதை நாம் புகழவில்லை. அதில் பேராசைக்கும் பங்குண்டு. ஆனால் இழந்தவர் துயரை இத்துணை நுட்பமாக வரையும் டஃபி, உத்தரிக்கும் ஸ்தலத்தைப் பற்றிய பயம் நீங்கப்பெற்றவரின் ஆறுதலைப் போதிய அளவு வரையவில்லை என்பதே நம் குறை.

நூல் ஏறத்தாழ 1580உடன் நின்றுவிடுகிறது, ஆலயமோ நிற்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடியால் பாழான கோபுரத்துக்குப் பதிலாகச் செங்கற் கோபுரம் எழுந்தது. இன்று காணும் கோபுரம் பாட்லி என்னும் சிற்பியின் திட்டப்படி 1903இல் நிறைவுற்றது. மரியாள் சிற்றாலயம் ஒரு காலத்தில் பள்ளியாயிற்று. பிள்ளைகளுக்கென எழுதிய பெருக்கல் வாய்பாடு அதன் சுவரில் இன்றும் இருக்கிறது. ஜெபம் கேட்கும் பழைய எழுத்துக்களையும் ஒருவரும் செதுக்கி அகற்றவில்லை.