பேலூர் மடமும் நம்ம ஊர்க் கோபுரமும்

கர்நாடகத்து பேலூரை நினைத்துக்கொண்டு இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அது ஹொய்சளர்கள் கட்டிய சென்னகேசவர் கோயில் இருக்கிற ஊர். நான் எழுதப் போவது ஹூக்ளிக் கரையில், ஹௌரா பக்கம் இருக்கிற பேலூர் பற்றி. ராமகிருஷ்ண மடத்துக்கும் மிஷனுக்கும் தலைமையிடம் அது. கொல்கத்தாவில் குடியேறிய தமிழர்களில் அங்கே போகாதவர் இருக்க மாட்டார்கள். ஊரிலிருந்து உறவினர் வந்தால் காளிகாட், தட்சிணேஸ்வரம், பேலூர் மூன்றையும் ஒரே நாளில் காட்டிவிட்டு, சாயங்காலம் லேக் மார்க்கெட்டில் காபி வாங்கிக் கொடுத்து அனுப்புவது நம் வழக்கம்.

அப்படிக் கூட்டிக்கொண்டு போகும்போது பெரிய கோயிலின் முன்னால் நின்று நாம் எல்லோரும் ஒரு பாடத்தை ஒப்பிப்போம். நானும் பல வருஷம் ஒப்பித்தவன்தான். “இந்த நுழைவாயில் பாருங்கள், நம்ம ஊர்க் கோபுரம். இரண்டு பக்கமும் இருக்கிற தூண் பௌத்தம். மேலே குடை மாதிரி இருப்பது ராஜபுத்திர, மொகலாய பாணி. வட்டமாக இருப்பது அஜந்தா. உள்ளே மண்டபம் சர்ச் மாதிரி. ஜன்னல் ஃபதேபூர் சிக்ரி. பக்கத்து வாசல் குவாலியர் மான்மந்திர்.” சொல்லி முடித்ததும் கேட்டவர் தலையாட்டுவார். முக்கியமாக “நம்ம ஊர்க் கோபுரம்” என்ற இடத்தில் இரண்டு பேருக்குமே கொஞ்சம் நெஞ்சு நிமிரும்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன் என் அம்மா வந்தபோது இதே பாடத்தை ஒப்பித்தேன். கும்பகோணத்துக்காரி. முழுவதையும் கேட்டுவிட்டு, “கோபுரம் எங்கேடா?” என்றாள். காட்டினேன். “அது வாசப்படிடா. கோபுரம்னா தாண்டினப்புறம் நடக்கணும்” என்றாள். அப்போது எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசிக்க யோசிக்க, இந்தக் கட்டடத்தைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களிலேயே சரியானது அதுதான் என்று தெரிந்தது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரலாறு. ராமகிருஷ்ணர் 1886 ஆகஸ்டில் மறைந்தார். இளம் சீடர்கள் பாராநகரில் ஒரு பாழடைந்த வீட்டில் கூடி வாழ்ந்தார்கள். 1892இல் ஆலம்பஜாருக்கும், 1898 தொடக்கத்தில் பேலூரிலேயே நீலாம்பர் பாபுவின் தோட்ட வீட்டுக்கும் இடம் மாறினார்கள். இப்போதைய இடம் வாங்கப்பட்டது 1898இல். அதற்குப் பணம் கொடுத்தவர் ஹென்ரியட்டா முல்லர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. படகு பழுதுபார்க்கும் இடமாக இருந்ததால் நிலம் முழுக்க மேடும் பள்ளமும். நிரவிச் சரிசெய்வதற்கே மாதக்கணக்கில் ஆயிற்று. 1898 டிசம்பர் 9 அன்று ராமகிருஷ்ணரின் அஸ்தி இருந்த கலசத்தை விவேகானந்தர் தன் தோளிலேயே சுமந்து வந்து இங்கே வைத்துப் பூஜை செய்தார். அடுத்த மாதம் துறவிகள் குடிவந்தார்கள்.

இந்தக் கட்டட வேலைகளைக் கவனித்துக்கொண்டவர் ஒரு என்ஜினீயர். ஹரிபிரசன்ன சட்டர்ஜி, துறவுப் பெயர் விஞ்ஞானானந்தர். புனாவில் சிவில் என்ஜினீயரிங் படித்து, அரசாங்கத்தில் ஜில்லா என்ஜினீயராக இருந்து, வேலையை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர். சூரிய சித்தாந்தத்தை வங்காளியில் மொழிபெயர்த்தவரும் இவரே. குருவுக்கு ஒரு பெரிய கோயில் எப்படி இருக்க வேண்டும் என்று விவேகானந்தர் இவரிடம்தான் விவரமாகச் சொன்னார். இவர் படம் வரைந்தார். ஆனால் 1902 ஜூலை 4 அன்று விவேகானந்தர் அதே மடத்தில், மாடி அறையில் காலமாகிவிட்டார். வயது 39. படம் காகிதத்திலேயே முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது.

1929இல் சிவானந்தர் அடிக்கல் நாட்டினார், வேலை நகரவில்லை. பிறகு அமெரிக்க பக்தைகள் ஹெலன் ரூபெல், அன்னா வொர்ஸ்டர் இருவரின் பெரும் நன்கொடை வந்தது. 1935இல் இடத்தைச் சற்று மாற்றி, விஞ்ஞானானந்தர் மறுபடி அடிக்கல் வைத்தார். மார்ட்டின் பர்ன் கம்பெனி கட்டியது. 1938 ஜனவரி 14, நமக்குப் பொங்கல் சமயம், அவர்களுக்குப் பௌஷ சங்கராந்தி, அன்றைக்குப் பிரதிஷ்டை. அந்தக் கலசத்தைப் புதுக் கோயிலில் கொண்டுவந்து வைத்தவர் விஞ்ஞானானந்தர். ஏப்ரலில் அவரும் போய்விட்டார். வாலிபத்தில் வரைந்த படத்தை எழுபது வயதில் கட்டி முடித்துப் பார்த்த மனிதர்.

இவ்வளவு பாடுபட்டு எழுப்பிய கட்டடத்தைத்தான் நாம் மளிகைச் சாமான் லிஸ்ட் மாதிரி வாசிக்கிறோம். அதுதான் என் குறை. லிஸ்ட்டில் இருப்பது பொய் இல்லை. எல்லா மதத்து, எல்லாப் பிரதேசத்துச் சாயலும் வேண்டும் என்பது விவேகானந்தரின் விருப்பம்தான். ஆனால் ஒரு கட்டடத்தின் குணம் எதெல்லாம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதில் இல்லை, எடுத்ததை எப்படிச் சேர்த்தார்கள் என்பதில் இருக்கிறது.

கோபுரத்தையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் கோபுரம் மதிலில் இருக்கும் வாசல். அதைத் தாண்டினால் பிராகாரம், வெயில், கல்தரை சுடும், இன்னொரு வாசல், கொடிமரம், பலிபீடம், மண்டபம், அர்த்த மண்டபம், போகப் போக வெளிச்சம் குறைந்து கடைசியில் ஒரு சின்ன விளக்கும் அதன் பின்னால் சுவாமியும். மதுரைத் தெற்குக் கோபுரம் 170 அடி, உள்ளே மீனாட்சியின் விமானம் எவ்வளவு சிறிது! பெரியதிலிருந்து சிறியதற்கு நடந்து போவதுதான் அதன் அர்த்தம். பேலூரில் முகப்பு கோபுர சாயலில் உயர்ந்து நிற்கிறது, ஆனால் ஓர் அடி வைத்தால் மண்டபத்துக்குள் இருக்கிறோம். தெற்கே முகப்பு தாழ, வடக்கே கர்ப்பக்கிருகத்தின் மேல் பெரிய குவிமாடம் ஓங்கி, 112 அடிக்குக் குறையாமல் நிற்கிறது. ஏறுவரிசையே தலைகீழ். ஆகவே “நம்ம ஊர்க் கோபுரம்” என்று பெருமைப்பட அங்கே நமக்கு உள்ளது மேல்தோல் மட்டும். அம்மா ஒரு பார்வையில் பிடித்தது இதைத்தான்.

அப்படியானால் இது யாருடைய கட்டடம்? தட்சிணேஸ்வரத்திலிருந்து படகில் வந்து பாருங்கள். 1855இல் ராணி ராஸ்மணி கட்டிய ஒன்பது சிகரக் காளி கோயிலைப் பார்த்த கண்ணோடு ஆற்றில் இறங்கி வந்தால், பேலூரின் வரிசையான சிறு குவிமாடங்களும் குடிசைக் கூரை மாதிரி வளைந்த கூரைகளும் அந்தக் கோயிலுக்கு உறவுக்காரர்களாகத் தெரியும். சர்ச், சாஞ்சி, சிக்ரி எல்லாம் கிட்டே போனால்தான். தூரத்தில் இருந்து அது அசல் வங்காளம். இதை மறைத்து அகில இந்தியக் கலவை என்று மட்டும் சொல்வது வங்காளிகளுக்கு நாம் செய்கிற அநியாயம். (அவர்களே அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம்.)

உண்மையான துணிச்சல் உள்ளே இருக்கிறது. வங்காளக் கோயில்களில் நாட் மந்திர் என்பது தனிக் கட்டடம். காளிகாட்டிலும் தட்சிணேஸ்வரத்திலும் அது சந்நிதிக்கு எதிரே விலகி நிற்கும். பாட்டும் கூத்தும் கதையும் அங்கே, சுவாமி இங்கே. தரிசனத்துக்கு வரிசையில் நின்று, நெருக்கி, ஒரு கணம் பார்த்துவிட்டு, “நகருங்க நகருங்க” என்ற குரலோடு வெளியே வர வேண்டும். நம் ஊரிலும் கதை வேறு இல்லை. பேலூரில் நாட் மந்திரையும் கர்ப்பக்கிருகத்தையும் ஒரே கூரையின் கீழ், ஒரே நீட்டில் சேர்த்துவிட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கோபேஸ்வர் பால் செதுக்கிய சலவைக்கல் ராமகிருஷ்ணர் நேர் எதிரில். யாரும் யாரையும் நெருக்க வேண்டாம். பக்தனை நிற்கிறவனிலிருந்து உட்காருகிறவனாக மாற்றியது இந்தக் கட்டடம். இது சர்ச்சிலிருந்து வந்தது என்று லிஸ்ட்டில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். அந்த ஒரு வரிதான் கோயிலின் உயிர். மற்றவை நகை.

நகை என்றதால் சொல்கிறேன், சில நகைகள் பொருந்தவில்லை. உள்மண்டபத் தூண்கள் கிரேக்கப் பாணி, அலங்காரம் மதுரை மீனாட்சி கோயில் பாணி என்பார்கள். மதுரையில் தூணுக்குத் தூண் வேறுபடும், ஒன்றில் யாளி, ஒன்றில் குறவன், ஒன்றில் நாயக்க ராஜா. இங்கே எல்லாம் ஒரே அச்சு. உட்கார்ந்து கண்ணை மூடுவதற்கான மண்டபத்தில் தூண் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்று சொல்லலாம்; சரி, அப்படியானால் மதுரையை ஏன் இழுக்க வேண்டும்? கிழக்கு, மேற்கு வாசல்களும் எனக்கு ஒட்டவைத்த சீட்டு மாதிரிதான் படுகின்றன. கோயிலின் பெரும்பகுதி சுனார் கல், முகப்பில் மட்டும் கொஞ்சம் சிமெண்ட். கல்லில் இருக்கிற அமைதி சிமெண்ட்டில் வரவில்லை.

ஆனாலும் இதே ஊரில் இன்னொரு கலவைக் கட்டடம் இருக்கிறதே, 1921இல் திறந்த விக்டோரியா மெமோரியல், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதையும் கட்டியது மார்ட்டின் கம்பெனிதான். அங்கேயும் மொகலாயம், ஐரோப்பா எல்லாம் கலந்திருக்கிறது. ஆனால் நடுக்கூடத்தில் ராணியின் சிலையைச் சுற்றி நாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். ஒன்று ஆட்சியைக் காட்டக் கலந்தது, மற்றது ஆட்களை உட்கார வைக்கக் கலந்தது.

தமிழனுக்கு இங்கே பெருமைப்பட ஒன்றுமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் கல்லில் இல்லை. அந்த அஸ்திக் கலசம் 1886இலிருந்து பாராநகரிலும் ஆலம்பஜாரிலும் இருந்தபோது, தினமும் பூஜை செய்து, மற்றவர்கள் தீர்த்த யாத்திரை போனாலும் தான் எங்கும் போகாமல் காவல் இருந்தவர் சசி மகராஜ் என்ற ராமகிருஷ்ணானந்தர். சென்னை அன்பர்கள் விவேகானந்தரிடம் ஒரு துறவியை அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் பணம் திரட்டி 1893இல் சுவாமியை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்த ஊர் ஆயிற்றே. 1897இல் அவர் அனுப்பியது இந்த சசி மகராஜை. மறுவருஷம் கலசம் பேலூருக்குப் போனபோது அதைப் பதினோரு வருஷம் காத்தவரின் வேலை திருவல்லிக்கேணிப் பக்கம் ஐஸ் ஹவுஸில், நம்மவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தது. பேலூர் நம்மிடம் வாங்கியது கோபுரச் சாயல். நமக்குக் கொடுத்தது தன் பூஜாரியை. மயிலாப்பூரில் 2000இல் பிரதிஷ்டையான மடத்துக் கோயிலிலும் கடைசி வரிசைக்காரர் உட்கார்ந்தபடியே தரிசிக்கலாம்.

பெரிய கோயிலோடு திரும்பிவிடுகிறவர்கள் தவறவிடுவது ஆற்றங்கரையில் இருக்கும் மூன்று சிறு கோயில்களை. சாரதா தேவியின் கோயில் 1921, விவேகானந்தர், பிரம்மானந்தர் கோயில்கள் 1924. விவேகானந்தர் கோயிலின் மாடியில் சலவைக்கல்லில் வங்காள எழுத்தில் ஓங்காரம் இருக்கிறது. அன்னையின் கோயில் கங்கையைப் பார்த்தபடி, அவருக்கு ஆறு பிடிக்கும் என்பதற்காக. இவற்றில் லிஸ்ட் போட ஒன்றும் கிடையாது, அதனாலேயே அளவு சரியாக இருக்கிறது. 1938 வரை பூஜை நடந்த பழைய சந்நிதியையும் பாருங்கள், முற்றத்தை ஒட்டிய மாடியில் இருக்கிறது.

அம்மா அன்று ஆரத்திக்கு உட்கார்ந்தாள். பின்வரிசைத் தூணில் சாய்ந்துகொண்டு, முடியும்வரை எழுந்திருக்கவில்லை. வெளியே வந்து செருப்புப் போடும்போது, “முட்டி வலிக்காம சுவாமி பார்த்தது இன்னிக்குத்தான்” என்றாள். கோபுரத்தைப் பற்றிய அபிப்பிராயத்தை மட்டும் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.