செங்குன்றின் சிறுவனும் நமது மூத்தோரும்

புக்கிட் மேரா என்னும் மலாய்ப் பெயருக்குச் செங்குன்று என்பது பொருள். அவ்வட்டாரத்து மண் செம்மண். ஆகவே அப்பெயர் வந்தது என்று சொன்னால் விஷயம் முடிந்தது. ஆனால் ஊரார் சொல்லும் காரணம் வேறு. அதைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள நமது வாசகர்களிற் பலர் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்பர்.

பண்டைக் காலத்தில் சிங்கப்பூர்க் கரையை வாள்மீன்கள் கூட்டங்கூட்டமாய் வந்து தாக்கின. அரசன் தன் குடிகளை வரிசையாக நிறுத்தி, அவர்தம் கால்களையே வேலியாக்கினான். செத்தவர் தொகை பெருகிற்று. அப்போது ஒரு சிறுவன், மனிதர் காலுக்குப் பதிலாக வாழைத்தண்டுகளை நிறுத்தலாகாதா என்று கேட்டான். அவ்வாறே செய்தனர். மீன்களின் மூக்குகள் தண்டிற் பாய்ந்து சிக்கிக்கொண்டன, ஊர் பிழைத்தது. பிழைத்த பின்பு அரசனுடைய பெரியவர்கள் கூடி, இந்த வயதில் இவ்வளவு புத்தியுடையவன் வளர்ந்தால் என்னாவானோ, இப்போதே தீர்த்துவிடுவது நலம் என்று ஓதினர். அரசன் இசைந்தான். சிறுவன் கொல்லப்பட்டான்.

இது ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய்ச் சரித்திர நூலில் உள்ளது. ஜான் லேடன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, அவர் இறந்த பின் 1821-ம் ஆண்டில் லண்டனில் அச்சாயிற்று. சூழன் என்று ஓர் இராஜாவைக் கொண்டுவந்து நமது சோழரையும் நினைவூட்டும் நூல் அது. கொலையைச் சில வரிகளிற் சொல்லி, அந்த இரத்தப்பழி சிங்கப்பூரின் மேல் நின்றது என்று கூறி அப்பால் போய்விடுகிறது. குன்று சிவந்த செய்தியைச் சேர்த்தது பிற்கால வாய்மொழி. என் அபிப்பிராயத்தில் நூலாசிரியரின் சுருக்கமே பயங்கரமானது. வாய்மொழியார் இரத்தத்தைக் குன்றெங்கும் ஓடவிட்டு நம்மை அழவைக்கின்றனர். அழுகிற கண் யார் குற்றவாளி என்று பார்ப்பதில்லை.

நாம் இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் முறையும் அத்தகையதே. சிறுவனின் புத்தியைப் புகழ்கிறோம், அரசனை வைகிறோம், முடித்துவிடுகிறோம். ஆனால் கதையை நடத்திச் செல்வோர் இவ்விருவருமல்லர், அந்தப் பெரியவர்களே. சபையில் எத்தனை பேர் இருந்தனர் என்று நூல் சொல்லவில்லை. ஒருவராவது எழுந்து, இவனை என்னிடம் விடுங்கள், நான் பொறுப்பு என்றதாகவும் சொல்லவில்லை. சிறுவனிடம் திறமை இருந்தது, துணிவும் இருந்தது. தனக்காகத் தன் பெயரைப் பணயம் வைக்க ஒரு மூத்தவர் மாத்திரம் இல்லை.

இதை நான் சுயமாகக் கண்டுபிடித்தேனென்று பெருமை கொள்ள இடமில்லை. எனக்குக் கற்றுக்கொடுத்தவள் புக்கிட் மேரா அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் ஒரு மாணவி. ஒரு கதைப் போட்டிக்கு அவள் இக்கதையை, சபையில் வாய் திறவாமல் இருந்த ஓர் இளைய மந்திரியின் கண்வழியாக எழுதி அனுப்பியிருந்தாள். பரிசளிப்பு நாளில் நடுவர்கள் எல்லாக் கதைகளையும் ஒரே விதமாகப் புகழ்ந்தனர். கைதட்டலும் சான்றிதழும் தாராளமாய்க் கிடைத்தன. கூட்டம் கலைந்த பின் அப்பெண் வந்து, “ஐயா, என் கதையில் எந்த இடம் பிசகு?” என்று கேட்டாள். பதில் சொல்ல எவராலும் இயலவில்லை. எவரும் அவள் தாளில் ஒரு கோடு கூட இட்டிருக்கவில்லை. அந்த நடுவர்களில் நானும் ஒருவன்.

மந்திரிகள் பயந்து கொன்றனர். நாம் படியாமல் புகழ்கிறோம். இரண்டையும் சமமென்று சொல்லவில்லை. ஆயினும் படியாத புகழ்ச்சியால் ஓர் இளம் உள்ளத்திற்கு நம்பிக்கை பிறப்பதில்லை. தான் எழுதியதை ஒருவர் வரிவரியாய் வாசித்தார் என்ற நிச்சயத்தாலேயே பிறக்கிறது.

நமது மொழியில் இதற்கு மேலான உதாரணங்கள் உண்டு. 1908 முதல் 1918 வரை பாரதியார் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்தார். பிரிட்டிஷ் போலீசார் வேவு பார்த்தனர், கையிற் காசில்லை. அங்கே கனக சுப்புரத்தினம் என்ற இளைய உபாத்தியாயர் அவரைச் சூழ்ந்த நண்பர்கள் முன்னே பாட்டொன்று எழுதினார். பாரதியார் அதைத் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்ற குறிப்போடு பத்திரிகைக்கு அனுப்பினார். வேறு சொத்தில்லாத மனிதர் தம் பெயரையே பிணையாக வைத்தார். அந்த உபாத்தியாயர் பாரதிதாசன் ஆனார். கவனிக்கத்தக்கது இன்னொன்று: பாரதியார் பராசக்தியைப் பாடியவர், பாரதிதாசனோ பிற்காலத்தில் பகுத்தறிவுப் பக்கம் நின்று கடவுளையே கேள்வி கேட்டார். வழி பிரிந்தும் பெயரை உதறவில்லை. அந்தச் செங்குன்றுச் சபையார் அஞ்சியது இத்தகைய வளர்ச்சியைத்தானே!

பாரதிதாசனும் அக்கடனைத் தீர்த்தார். 1947-ல் தொடங்கிய ‘பொன்னி’ இதழ் பாரதிதாசன் பரம்பரை என்ற பெயரால் இளங்கவிஞர்களை அறிமுகப்படுத்தியது. அவ்விதழை நடத்திய முருகு சுப்பிரமணியன் பிற்பாடு கடல்கடந்து சிங்கப்பூர் வந்து தமிழ் முரசில் பணியாற்றினார். புதுச்சேரியில் ஏற்றிய விளக்கு இப்படி நம் கரைக்கும் வந்தது. குறையையும் சொல்லிவிடுகிறேன். பரம்பரை என்ற சொல்லில் ஓர் அபாயம் உண்டு. அக்காலத்துப் பாடல்களிற் பல, ஆசானின் விருத்தத்தையும் அடைமொழிகளையும் அப்படியே எடுத்துக்கொண்டு, பாடியவர் யாரென்றே தெரியாதபடி ஒலிக்கின்றன. நிழல் தருவது நல்லது. ஆலமர நிழலில் புல் முளைப்பதரிது.

அந்த அபாயத்திற்கு மாற்று, கண்டிப்பான வாசிப்பு. மலாயாவில் அதைத் துணிந்து செய்தவர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும். 1950-ல் தமிழ் நேசன் பத்திரிகையில் கதை வகுப்பு என்று ஒன்றைத் தொடங்கி, பத்திரிகைப் பக்கத்தையே வகுப்பறையாக்கினர். வாசகன் மாணவன் ஆனான். கதை எழுதுவது கற்கக்கூடிய தொழில் என்று தெரிந்தது. அதுவரை அது பிறவியிலேயே வரும் வரமென்று எண்ணி எத்தனை பேர் பேனாவைத் தொடாதிருந்தனரோ! சில ஆண்டுகளில் கு. அழகிரிசாமி அதே பத்திரிகைக்கு ஆசிரியராக வந்தார். 1957-ல் ஊர் திரும்பும்வரை, எழுத விரும்பியோரைக் கூட்டி வைத்துக்கொண்டு கதைகளைப் பேசினார். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1950-களில் மாணவர் மணிமன்றம் என்று தமிழ் முரசில் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தார். 1935-ல் ஒரு காசு விலையில் தொடங்கிய பத்திரிகை அது; இடம் என்பது அங்கே விலையுயர்ந்த பொருள். 1977-ல் நா. கோவிந்தசாமி இலக்கியக் களம் அமைத்துச் சிறுகதைகளை விமர்சனத்திற்கு உட்படுத்தினார். விமர்சித்தால் மனம் நோகும், தமிழ் எழுதுவோரே சிலர், அவரையும் விரட்டலாமா என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அதே காரணத்தினால்தான் அந்தச் சிலரை ஒழுங்காக வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

பெற்றோரின் பயத்தையும் நான் பரிகசிக்கமாட்டேன். அலெக்சாந்திரா செங்கற் சூளையில் உழைத்த தமிழர்களின் கோவில் இன்று டெப்போ சாலையில் நிற்கிறது, சூளை இல்லை. செங்கல் சுட்டவரின் பேரப்பிள்ளை கதை எழுதிப் பிழைக்கப்போகிறேன் என்றால் வீட்டில் வயிறு கலங்காதா? ஆனால் வழிகாட்டியின் வேலையில் இதற்கும் பதில் அடங்கியிருக்கிறது. பாரதிதாசன் 37 ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொன்னார். அழகிரிசாமிக்கும் சாரங்கபாணிக்கும் பத்திரிகை சோறு போட்டது. கலை ஒன்று, சம்பளம் மற்றொன்று என்றோ, இரண்டும் ஒன்றே என்றோ, அவரவர் கணக்கை இளையோரிடம் ஒளிக்காமல் சொல்லலாம். கூச்சத்தால் நாம் சொல்லுவதில்லை. இன்று தேசிய கலைகள் மன்றம் போன்ற அமைப்புகள் இளையவரையும் மூத்தவரையும் இணைத்துவைக்கத் திட்டங்கள் நடத்தியிருக்கின்றன. நல்லதே. ஆனால் இணைத்த பின்பு கதையைப் படிப்பவர் மனிதரே.

அப்பெண்ணின் தாள்களை வாங்கிவந்து இரண்டு வாரம் வைத்திருந்தேன். ஏழு இடங்களிற் கோடிட்டேன். அரண்மனை வர்ணனை மிகை. அரசன் பேச்சில் நாடக மேடையின் வாடை. “குருதி” என்ற சொல் ஒரே பக்கத்தில் நான்கு முறை. கடைசிப் பத்தியை அடியோடு எடுத்துவிடு என்றும் எழுதினேன். அதில், கொலை நடந்த இரவு அம்மந்திரி வீடு சென்று, தன் மகன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விளக்கை அணைக்கிறான். தேவையற்ற சேர்க்கை என்பது என் தீர்ப்பு.

நான்கு திருத்தங்களை ஏற்றுக்கொண்டு, மூன்றை மறுத்து அவள் கடிதம் எழுதியிருக்கிறாள். மறுத்தவற்றில் இரண்டில் அவள் கட்சியே சரியென்று மறுபடி படித்தபோது ஒப்புக்கொண்டேன். மூன்றாவது அந்தக் கடைசிப் பத்தி. அதைப் பற்றி எங்களுக்குள் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.