முறிந்த திறப்பும் ஒரு நடிகரின் நிதானமும்

போல் ஹாகிஸ் 2010இல் எடுத்த ‘தி நெக்ஸ்ட் த்ரீ டேய்ஸ்’ பற்றி எங்கள் உப்புவெளியில் கதை எழும்பினால் குற்றச்சாட்டு ஒன்றுதான்: கதாநாயகன் சரியான மந்தம். மனைவியை மறியலிலிருந்து மீட்கப் போகிறவனுக்கு இந்த வேகம் காணாதாம். அந்த மந்தம்தான் கதாநாயகனாக நடித்தவரின் ஆட்டமே என்கிறேன் நான்.

லிஃப்ட் காட்சியை எடுங்கள். எந்தப் பூட்டையும் திறக்கும் என்று இணையத்தில் பார்த்துப் பழகிய திறப்பைச் சிறைக்குள் கொண்டுபோய் லிஃப்டின் பூட்டில் நுழைக்கிறார். அது உள்ளேயே முறிகிறது. நட்சத்திரமென்றால் இந்த இடத்தில் தாடையை இறுக்கி அடுத்த வழி யோசிப்பார். இவர் தப்பி வெளியே வந்து தெருவில் வாந்தி எடுக்கிறார். பாத்திரம் ‘டான் குயிக்ஸோட்’ படிப்பிக்கும் கல்லூரி ஆசிரியர். பூட்டோடு பழகிய கை இல்லை அது. துவக்கு வாங்கப் போனால், குண்டு எங்கே போடுவதென்று விற்பவரிடமே கேட்கிறார். வீரம் காட்ட வாய்ப்பு வரும் இடத்திலெல்லாம், ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடாமல் விடுகிற தொடக்க ஆட்டக்காரர் மாதிரி, அதை விட்டுவிடுகிறார். அதற்குத் துணிச்சல் வேண்டும்.

ஃபிரெத் கவாயேயின் 2008 பிரெஞ்சு மூலத்தைவிட இது அரை மணித்தியாலத்துக்கு மேல் நீளம். அந்த நேரத்தில் பெரும்பங்கு தயக்கத்துக்கே போயிருக்கிறது. எனக்கு அதில் ஒரு நிமிடமும் வீண் இல்லை.

கிழக்கில் இருக்கிற எங்களுக்கு இது வெறும் படக்கதையும் இல்லை. 1983 செப்டெம்பர் 23 மட்டக்களப்புச் சிறையுடைப்பில் விரிவுரையாளர் நித்தியானந்தன் வெளியே வந்துவிட்டார். அவருடைய மனைவி நிர்மலா வர முடியாமல் உள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று. 1984இல்தான் அவரை மீட்டார்கள். இந்தக் கதை தெரிந்த நாங்களே தயங்கும் கணவனை மந்தம் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இனி நடக்கப் போவதைச் சொல்கிறேன். தமிழில் இந்தப் படத்தின் கதையை யாராவது எடுக்கத்தான் போகிறார்கள். முதலாவது படத்தில் நட்சத்திரம் ஒரே தள்ளில் கதவைத் திறப்பார். இரண்டாம் கிழமை படம் தியேட்டரில் இராது. அடுத்ததைச் சின்னச் செலவில் எங்கள் பக்கத்து மேடை நடிகர் ஒருவர் செய்வார், கை நடுங்க நடுங்க. பேசப்படுவது அவர்தான். மூன்றாவது படம் உள்ளே காத்திருக்கும் மனைவியின் பக்கமிருந்து வரும். மூன்றிலும் அதுதான் திறமாக இருக்கும்.